எக்ஸ்பிரஸ் அக்காவின் புகார்க் கடை

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேனிலிருந்து பெரிய மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்பிரஸ்'தான். வயதில் சின்னவர்களுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா. வாஷிங் மெஷினும் மின்விசிறியும் செய்து விற்கிற கம்பெனி அது. அதில் புகார் வாங்கும் தொலைபேசிப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்களுக்கு ஓர் அழைப்பை முடிக்க ஏழு நிமிஷம் ஆகும். இவளுக்கு இரண்டரை நிமிஷம் தாராளம்.

எப்படி என்கிறீர்களா? எதிர்முனையில் இருப்பவர், "எங்க வீட்டு மெஷின் இருக்கு பாருங்க..." என்று இழுக்கும்போதே இவள், "துவைக்கும்போது ஆடுதா சார்? நாலு காலும் தரையில சரியா ஒக்காந்திருக்கான்னு பாருங்க" என்று முடித்துவிடுவாள். பத்துக்கு ஒன்பது பேருக்கு அது சரியாகத்தான் இருக்கும். பத்தாவது ஆள் மறுபடியும் கூப்பிடுவார். அதை வேறு யாராவது எடுப்பார்கள், அவர்கள் தலையெழுத்து. இவளுடைய கணக்கில் அந்த அழைப்பும் இரண்டரை நிமிஷத்தில் முடிந்ததாகத்தான் பதிவாகும். மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த ஊழியர் பட்டயம் வாங்கியவள் என்றால் சும்மாவா?

ஊரார் குறையெல்லாம் அப்படிக் காதில் வாங்கிக்கொள்கிறவளுக்கு வீட்டில் ஒரு குறை இருந்தது. அவளுடைய மகள். ஒன்பது வயது, வீட்டில் 'பட்டு' என்று கூப்பிடுவார்கள். குழந்தை தங்கம்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். சாப்பிட்டியா என்றால் ம். பள்ளிக்கூடம் எப்படி என்றால் ம். சளி பிடித்திருக்கிறதா என்றாலும் ம். இரண்டு மாசம் முன்னால் பெண் காலை நொண்டிக்கொண்டு வந்தாள். ஷூவைக் கழற்றிப் பார்த்தால் கட்டைவிரல் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. ஷூ சின்னதாகிப் போய் எத்தனை நாளாயிற்றோ, அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். எக்ஸ்பிரஸுக்கு யார் யார் வீட்டு மெஷின் காலைப் பற்றியோ பக்கம் பக்கமாகத் தெரியும், பெற்ற பெண்ணின் காலைப் பற்றித் தெரியவில்லை. அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த வருஷம் பட்டு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அதுவும் தனியாக. யாராவது பிடித்துத் தள்ளினால் என்ன செய்வாள்? உடம்புக்கு முடியவில்லை என்றால் டீச்சரிடம் சொல்வாளா? இந்தக் கவலையை அவள் தன் கணவனிடம் சொன்னாள். அவன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். "எங்கிட்ட நல்லாத்தானே பேசுறா" என்றான் அவன் சாவகாசமாக. இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வந்து செல்லம் கொடுக்கிறவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் பக்கத்துச் சமூகக்கூடத்தில் நாலு சனிக்கிழமை 'விளையாட்டோடு வாழக் கற்போம்' நிகழ்ச்சி. செலவெல்லாம் கம்பெனியுடையது, சொல்லிக்கொடுப்பவர்கள் ஊழியர்கள். ஆளுக்கொரு மேசை. பொத்தான் தைப்பது ஒரு மேசை, அடிபட்டால் கட்டுப் போடுவது ஒரு மேசை, வழி தெரியாத இடத்தில் வழி கேட்பது ஒரு மேசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு மேசையிலும் ஜெயித்தால் அதில் ஒரு முத்திரை.

ஏற்பாடு எல்லாம் விளம்பரத் துறை மேலாளருடையது. அவருக்குக் கம்பெனியில் 'பேனர்' என்று பெயர். எந்தக் காரியமானாலும் முதலில் பேனர் கட்டிவிட்டு அப்புறம்தான் காரியம் என்னவென்று கேட்பார். எக்ஸ்பிரஸ் அவரிடம் போய், புகார் சொல்லக் கற்றுக்கொடுக்கும் மேசை ஒன்று தனக்கு வேண்டும் என்றாள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. புகார் வராத கம்பெனி என்று ஊரெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம், நாமே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புகார் சொல்லப் பழக்குவதா என்று தலையில் கை வைத்தார். அவள் விடவில்லை. அழாமல், கத்தாமல் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்தால் அந்தப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று வாதாடினாள். கடைசியில் மேசைக்குத் 'தெளிவாகப் பேசு' என்று பெயர் எழுதிக்கொள்ள விட்டால் சம்மதம் என்று அவர் இறங்கி வந்தார். நாலு சனிக்கிழமைக்குள் தன் பெண் ஒரே ஒரு புகாரைத் தன் வாயால் சொல்லி, தன் மேசையில் ஒரு முத்திரை வாங்கிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டால் அது கொசுறு.

மேசையில் பழுதான சாமான்களைப் பரப்பினாள். கால் உடைந்த குதிரை பொம்மை, எரியாத டார்ச், மூடி சேராத டப்பா, ஒரு பக்கம் மட்டும் எழுதும் இரட்டைப் பென்சில். மேசைக்குப் பின்னால் பிடிவாதக் கடைக்காரராக உட்கார மெக்கானிக் அண்ணனைப் பிடித்தாள். வீடு வீடாகப் போய் மெஷினைப் பிரித்து மாட்டும் ஆள் அவர். நல்ல தாட்டியான உடம்பு, இடி மாதிரி குரல், மனசு பஞ்சு. பிள்ளைகள் ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். மூன்றே விஷயம்தான்: என்ன ஆச்சு, எப்போதிலிருந்து, உனக்கு என்ன வேணும். அழுதால் அவுட். கத்தினால் அவுட். 'எங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்' என்றால் டபுள் அவுட்.

முதல் சனிக்கிழமையே கூட்டம் அள்ளியது. கட்டுப் போடும் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், இங்கே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒரு குண்டுப் பையன் குதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, கால் உடைந்திருக்கிறது, வாங்கும்போதே உடைந்திருந்தது, ஆனால் தனக்குக் குதிரை வேண்டாம், அதற்குப் பதில் சைக்கிள் வேண்டும் என்றான். மெக்கானிக் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துவிட்டார். எக்ஸ்பிரஸ் நடுவராகப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்தாள். "இந்த டப்பா..." என்று ஒரு பெண் திணறினால், "மூடி சேரல, சொல்லு, மூடி சேரல" என்பாள். அந்தப் பெண்ணும் கிளிப்பிள்ளை போலச் சொல்லி முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

பட்டுவும் வரிசையில் நின்றாள். ஆனால் தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு வழிவிட்டுவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு அவளுடைய அட்டையில் பொத்தான் முத்திரை இருந்தது, கட்டு முத்திரை இருந்தது, வழி கேட்கும் முத்திரைகூட இருந்தது. அம்மாவின் மேசைக்கான கட்டம் மட்டும் காலி.

இரண்டாவது வாரத்துக்குள் கற்ற வித்தை வெளியே புறப்பட்டுவிட்டது. ஒரு பெண் தன் மாமாவின் குறட்டையைப் பற்றி மூன்று வரியில் எழுதி அவர் தலையணை மேலேயே வைத்துவிட்டாளாம். மூன்று பிள்ளைகள் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய், மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, விடுமுறை முடிந்ததிலிருந்து வரவில்லை, அடுத்த வாரத்துக்குள் வர வேண்டும் என்று சொல்லி, நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. பெற்றோர்கள் பாதிப் பேர் நன்றி சொன்னார்கள், மீதிப் பேர் வீட்டில் இருக்க முடியவில்லை என்று நொந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பொடிசு நேரே பேனரிடமே போய் நின்றது. கம்பெனி கொடுத்த தொப்பி கண்ணை மறைக்கிறது, போன வாரத்திலிருந்து மறைக்கிறது, தலைக்கு ஏற்ற தொப்பி வேண்டும். பேனர் அளவெடுக்கச் சொன்னார். மூன்றாவது சனிக்கிழமை சின்னத் தொப்பிகள் வந்து இறங்கின. அன்றிலிருந்து அவரும் இந்த மேசையைத் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இப்படிப் பொரிந்து தள்ளத் தள்ள, எக்ஸ்பிரஸுக்கு உள்ளுக்குள் புழுங்கியது. வீட்டில் பட்டுவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்பாள், பெண் யோசிப்பதற்குள், சரி, டார்ச்சையே வைத்துக்கொள், டார்ச் எரியவில்லை என்று சொல், எப்போதிலிருந்து என்றால் நேற்றிலிருந்து என்று சொல் என்று பாடமே எடுத்துவிடுவாள். பட்டு தலையை ஆட்டுவாள். ம்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு வழியாகப் பட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டாள். கையில் டார்ச். மெக்கானிக் அண்ணன் இடிக் குரலையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றார் இதமாக.

"இந்த டார்ச்..." என்றாள் பட்டு. நிறுத்தி, டார்ச்சைத் திருப்பிப் பார்த்தாள்.

"எரியல. எரியலைன்னு சொல்லு. நேத்துலேருந்து எரியல, புது பேட்டரி போட்டும் எரியல, வேற டார்ச் வேணும். அவ்வளவுதானேடா கண்ணு, சொல்லு" என்று எக்ஸ்பிரஸ் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பட்டு அம்மாவைப் பார்த்தாள். டார்ச்சை மேசை மேல் பத்திரமாக வைத்தாள். ம் என்று தலையை ஆட்டிவிட்டு, பொத்தான் மேசைப் பக்கம் போய்விட்டாள். முத்திரையைக் கையில் பிடித்தபடி இருந்த மெக்கானிக் அண்ணன், "அக்கா, புகார் சொல்ல வந்தது அந்தப் பொண்ணா, நீங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எக்ஸ்பிரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை வேகமாக நடப்பது சில பேருக்குப் பிடிக்காது.

நாலாவது சனிக்கிழமை, கடைசி நாள். மாலையில் அட்டை நிரம்பிய பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. பேனர் காலையிலிருந்து மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார், அது கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் ஓடிவந்து மெக்கானிக் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேசைக்குப் பின்னால் நாற்காலி காலி. வரிசையில் பதினைந்து பிள்ளைகள். வேறு வழியில்லாமல் எக்ஸ்பிரஸே கடைக்காரராக உட்கார்ந்தாள். மளமளவென்று ஒவ்வொருவராக முடித்து அனுப்பினாள். அடுத்தது யார் என்று நிமிர்ந்தால், பட்டு.

கையில் சாமான் எதுவும் இல்லை. அட்டை மட்டும் இருந்தது. எக்ஸ்பிரஸ் விளையாட்டை விடாமல், "சொல்லுங்க மேடம், என்ன புகார்?" என்றாள்.

"எங்க வீட்ல ஒரு அம்மா..." என்று பட்டு ஆரம்பித்தாள்.

"அம்மா பொம்மையா? கை கழண்டுடுச்சா? கொண்டு வாங்க, மாத்திடலாம்."

பட்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். வழக்கமாக ஆட்டும் திசை அதுவல்ல.

"இப்ப பண்ணினீங்கல்ல," என்றாள், "அதுதான் புகார்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸின் வாயில் அடுத்த வார்த்தை தயாராக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக நாக்கு நுனியிலேயே இருக்கிற வார்த்தை: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அது வெளியே வராமல் அங்கேயே நின்றது.

பட்டு அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து யோசித்து, இடையிடையே கூரையைப் பார்த்து, அட்டையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிச் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, மீதிய நீங்களே சொல்லிடுறீங்க. அது தப்பா இருக்கும். ஆனா அதுக்குள்ள நீங்க எழுந்து போயிடுவீங்க. ஷூன்னு ஆரம்பிச்சேன். பாலிஷ் போட்டுக் குடுத்தீங்க. மறுபடி ஷூன்னேன். நாடா கட்டி விட்டீங்க. அப்புறம் நான் சொல்லல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டிய மூன்றில் இன்னும் இரண்டு பாக்கி இருப்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ஒண்ணாம் வகுப்புலேருந்து இப்படித்தான். எனக்கு வேற அம்மா வேணாம். நான் முடிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் இந்த அம்மா பேசாம இருக்கணும்." யோசித்தாள். "முடிச்சிட்டேன்."

அழவில்லை, கத்தவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. இத்தனை நாளில் அந்த மேசைக்கு வந்த புகார்களில் இவ்வளவு ஒழுங்கான புகார் ஒன்றுகூட இல்லை. சந்தோஷமா, வெட்கமா, என்னவென்றே தெரியவில்லை எக்ஸ்பிரஸுக்கு. எதற்காக இந்த மேசையைப் போட்டாளோ அது நடந்துவிட்டது, நடந்ததே அவளை உலுக்கிவிட்டது. கண் நிறைந்துவிட்டது. மகளுக்கு வாய் இல்லை என்று ஊரெல்லாம் புலம்பினாளே, அந்த வாயை இத்தனை நாள் பொத்தியது தன் கைதான் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

"தப்பு எம்மேலதான்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். அட்டையை வாங்கி, காலிக் கட்டத்தில் முத்திரையை அழுத்தினாள். அழுத்திய அழுத்தில் மை மறுபக்கம் ஊறிவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற குண்டுப் பையன் இந்தப் புகாரைத் தன் அம்மாவிடமும் சொல்லலாமா, அதற்கு முத்திரை உண்டா என்று விசாரித்தான்.

பரிசளிப்பெல்லாம் முடிந்து வெயில் தாழ்ந்த நேரத்தில் தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் பட்டு, பக்கத்தில் அம்மா. நாலாவது நிறுத்தத்தில் வீடு. பஸ் கிளம்பியதும் பட்டு, "அம்மா, எங்க மிஸ்..." என்றாள்.

திட்டினார்களா? அடித்தார்களா? வீட்டுப்பாடம் எழுதவில்லையா? பணம் கட்டச் சொன்னார்களா? நாலு முடிவும் எக்ஸ்பிரஸின் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். பட்டு ஒரு கடைப் பலகையைப் பார்த்தாள், அதற்கு மேல் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் தொடர்ந்தாள். ஒரு நிறுத்தம் போயிற்று. மிஸ் புதுசாகப் புடவை கட்டிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்து, பெஞ்சு மாற்றியதில் போய், அங்கிருந்து பெஞ்சுக்கு அடியில் எறும்பு போனதற்கு இறங்கியது கதை. இரண்டாவது நிறுத்தமும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. இந்தப் பெண் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சுற்றி வளைத்துப் பேசுகிறவள் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்களுடைய நிறுத்தம் வந்தது. எக்ஸ்பிரஸ் பையை எடுத்து மடியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். பட்டு சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டாள். பஸ் நகர்ந்துவிட்டது.

"...அதான் மிஸ் என்னைய மொத பெஞ்சுக்கு மாத்திட்டாங்க" என்றாள் பட்டு. "ரொம்பப் பேசுறேனாம். கிளாஸ்ல எனக்குப் பேரே ரேடியோதான். உங்கிட்ட சொல்லத்தான் மிஸ் அன்னிக்கு மீட்டிங்ல கூப்பிட்டாங்க. நீதான் அவங்கள முடிக்க விடல."

எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பெற்றோர் கூட்டம் அப்படியே கண் முன்னால் வந்தது. "உங்க பொண்ணு கிளாஸ்ல பேச்சு..." என்று மிஸ் ஆரம்பித்ததும், "வரவே மாட்டேங்குது, தெரியும் மிஸ், நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று இவள் கையைக் கூப்பிவிட்டு வந்துவிட்டாள். மிஸ் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். தன் பொறுப்புணர்ச்சியைக் கண்டு வியந்துபோய் நிற்கிறார் என்றல்லவா நினைத்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு, கடைசியில் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாவிட்டாலும் பட்டுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பஸ் நின்றுவிட்டது, விளக்குகள் அணைந்தன. கண்டக்டர் வந்து, இதுதான் கடைசி நிறுத்தம், இறங்க வேண்டிய இடம் எது என்று கேட்டார்.

"எப்பவோ போயிடுச்சு சார்," என்றாள் எக்ஸ்பிரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ பேசிட்டு இருந்தா."

இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்கள். பத்தடி போனதும் எக்ஸ்பிரஸ் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் கேட்க வேண்டியது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லம்மா," என்றாள் பட்டு. "அந்த எறும்பு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே."